யூனிக்ஸுக்குச் சிக்கனமாகக் கணினி வாங்குவது: சிப், டிரைவர், வயது

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகள் நின்றுவிட்டன. விண்டோஸ் 11-க்கோ டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும், செக்யூர் பூட் (கையொப்பமிட்ட இயங்குதளத்தை மட்டுமே கிளம்ப விடும் ஏற்பாடு) வேண்டும், ப்ராசஸர் ஏறக்குறைய இன்டெல் 8-ஆம் தலைமுறையோ ஏஎம்டி ரைசன் 2000 வரிசையோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். இந்த வரம்புக்குள் வராத, ஆனால் நல்ல நிலையில் உள்ள கணினிகள் கூட்டம் கூட்டமாகக் கைமாறுகின்றன. "லினக்ஸ் போட்டு ஓட்டிக்கொள்ளலாம்" என்று சொல்லித்தான் பலவும் விற்கப்படுகின்றன.

அந்தச் சொல் பாதி உண்மை. ஒரே மாடலை வாங்கிய இருவரில் ஒருவருக்கு எல்லாம் முதல் நாளே வேலை செய்யும். மற்றவருக்கு வைஃபை தலைகாட்டவே செய்யாது. ஒரு கணினி லினக்ஸில் சொன்னபடி கேட்கும். அதே கணினியில் ஃப்ரீபிஎஸ்டி என்ற மற்றொரு யூனிக்ஸ் வகை இயங்குதளத்தைப் போட்டால் மூடிவைத்த பிறகு எழுந்திருக்காது. இது அதிர்ஷ்டத்தின் விளையாட்டு அல்ல. காரணங்கள் தெளிவானவை, வாங்கும் முன்பே கண்டுபிடிக்கக்கூடியவை.

## முதலில் மூன்று சொற்கள்

கர்னல். இயங்குதளத்தின் மையம். ப்ராசஸர், நினைவகம், வட்டு, திரை எல்லாவற்றோடும் நேரடியாகப் பேசுவது இதுதான்.

டிரைவர். குறிப்பிட்ட ஒரு சிப்போடு எப்படிப் பேசுவது என்று கர்னலுக்குத் தெரிவிக்கும் நிரல். விண்டோஸில் இதைப் பெரும்பாலும் சிப் தயாரிப்பாளர் எழுதித் தருவார். யூனிக்ஸ் வகை இயங்குதளங்களில் டிரைவர் பெரும்பாலும் கர்னலோடு சேர்ந்தே வருகிறது. தயாரிப்பாளர் எழுதிக் கொடுத்திருக்கலாம், அல்லது யாரோ தாமாக முன்வந்து எழுதியிருக்கலாம். யாரும் எழுதவில்லை என்றால், எத்தனை பணம் கொடுத்து வாங்கிய பாகமானாலும் அது வெறும் பிளாஸ்டிக்.

ஃபர்ம்வேர். சிப்புக்குள்ளேயே ஓடும் சிறு நிரல். வைஃபை சிப்புகளும் புதிய கிராபிக்ஸ் சிப்புகளும் ஒவ்வொரு முறை இயங்கத் தொடங்கும்போதும் இதை வட்டிலிருந்து ஏற்றித் தரச் சொல்லிக் கேட்கும். டிரைவர் இருந்தும் ஃபர்ம்வேர் கோப்பு இல்லாததால்தான் பலருடைய வைஃபை வேலை செய்வதில்லை. மூல நிரல் வெளியிடப்படாத ஃபர்ம்வேரை, லினக்ஸ் வழங்கல்களில் ஒன்றான டெபியன் நீண்ட காலம் தன் அதிகாரபூர்வ நிறுவியில் சேர்க்காமல் இருந்தது. 2023 ஜூனில் வந்த டெபியன் 12-இலிருந்துதான் சேர்த்தது. ஃப்ரீபிஎஸ்டியின் உறவான ஓபன்பிஎஸ்டியில் 'எஃப்டபிள்யூ_அப்டேட்' என்ற கட்டளை அதை இணையத்திலிருந்து இறக்கும். வைஃபை ஃபர்ம்வேரை இறக்க இணையம் வேண்டும், இணையத்துக்கு வைஃபை வேண்டும் என்ற விக்கிரமாதித்தன் புதிர் இங்கேதான் வருகிறது. கேபிள் இணைப்பு உள்ள கணினிக்கு இந்தத் தொல்லை இல்லை.

"யூனிக்ஸ்" என்ற சொல்லைப் பற்றியும் ஒரு வரி. சட்டப்படி அது ஒரு வணிக முத்திரை. மேக்ஓஎஸ் அந்தச் சான்று பெற்றது, லினக்ஸ் பெறவில்லை. பெர்க்லி பல்கலைக்கழகக் குறியீட்டின் வழிவந்த ஃப்ரீபிஎஸ்டி, நெட்பிஎஸ்டி, ஓபன்பிஎஸ்டி மூன்றும் அந்த முத்திரையைப் பயன்படுத்துவதில்லை. வன்பொருள் வாங்குபவருக்கு இந்த வழக்கு தேவையில்லை. அவர் கவனிக்க வேண்டியது ஒரு வரிசையைத்தான்: புதிய சிப்புகளுக்கு டிரைவர் முதலில் லினக்ஸில் வரும், ஓபன்பிஎஸ்டிக்கும் ஃப்ரீபிஎஸ்டிக்கும் அதன் பின்னால் வரும், சிலவற்றுக்கு வராமலே போகும்.

## பெட்டியில் இருக்கும் பெயர் போதாது

ஒரு பொருளின் பெயர் மாறாமல் உள்ளே இருக்கும் சிப் மாறிவிடுவது வெகு சாதாரணம். நன்கு தெரிந்த உதாரணம், டிபி-லிங்க் டிஎல்-டபிள்யூஎன்722என் என்ற யூஎஸ்பி வைஃபை கருவி. அதன் முதல் பதிப்பில் இருந்தது அதெராஸ் ஏஆர்9271. லினக்ஸிலும் ஓபன்பிஎஸ்டியிலும் அதற்கு நல்ல டிரைவர் உண்டு. ஃபர்ம்வேரின் மூல நிரல்கூட வெளியாகியிருக்கிறது. இரண்டாம் பதிப்பிலிருந்து உள்ளே இருப்பது ரியல்டெக் சிப். பெயரும் தோற்றமும் மாறவில்லை. ஃப்ரீபிஎஸ்டி 14-இல் கதை தலைகீழ்: ரியல்டெக் சிப்புக்கு டிரைவர் உண்டு, ஏஆர்9271-க்கு இல்லை. ஆக, "இந்தக் கருவி யூனிக்ஸில் வேலை செய்யுமா?" என்ற கேள்விக்கு எந்தப் பதிப்பு, எந்த இயங்குதளம் என்று தெரியாமல் பதில் சொல்ல முடியாது.

சிப்பை அடையாளம் காட்டுவது அதன் எண். பிசிஐ, யூஎஸ்பி வழியாக இணையும் ஒவ்வொரு சாதனத்துக்கும் தயாரிப்பாளர் எண், சாதன எண் என்று இரண்டு உண்டு. இன்டெலின் தயாரிப்பாளர் எண் 8086. தன் புகழ்பெற்ற ப்ராசஸரின் எண்ணையே வைத்துக்கொண்டார்கள். ஏஎம்டி கிராபிக்ஸின் எண் 1002. இந்த இரட்டை எண் கையில் இருந்தால், அந்த சிப்புக்கு எந்த டிரைவர், எந்தக் கர்னல் பதிப்பிலிருந்து என்று தேடிப் பிடித்துவிடலாம்.

கணினி எதிரில் இருந்தால் எண்ணைப் பார்ப்பது எளிது:

1. லினக்ஸில் 'எல்எஸ்பிசிஐ' கட்டளையை '-என்என்கே' தெரிவுகளோடு கொடுங்கள். ஒவ்வொரு சாதனத்தின் கீழும் எந்த டிரைவர் பயன்பாட்டில் உள்ளது என்ற வரி வரும். அந்த வரி இல்லாத சாதனம் அனாதை.
2. ஃப்ரீபிஎஸ்டியில் 'பிசிஐகான்ஃப் -எல்வி'. டிரைவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'நன்' என்ற ஆங்கிலச் சொல்லும் ஒரு வரிசை எண்ணும் இருந்தால் டிரைவர் கிடைக்கவில்லை என்று பொருள்.
3. ஓபன்பிஎஸ்டியில் 'டிமெசேஜ்' வெளியீட்டில் 'நாட் கான்ஃபிகர்ட்' என்று முடியும் வரிகளைத் தேடுங்கள்.
4. யூஎஸ்பி சாதனங்களுக்கு லினக்ஸில் 'எல்எஸ்யூஎஸ்பி', ஃப்ரீபிஎஸ்டியில் 'யூஎஸ்பிகான்ஃபிக்'.

கணினி எதிரில் இல்லையென்றால், பயனர்கள் தங்கள் கணினிகளின் சோதனை அறிக்கைகளைச் சேர்த்துவைக்கும் லினக்ஸ்-ஹார்டுவேர், பிஎஸ்டி-ஹார்டுவேர் ஆகிய தளங்களில் அந்த மாடலைத் தேடலாம். ஒரே மாடலுக்கு இரண்டு மூன்று விதமான வைஃபை சிப்புகள் பதிவாகியிருந்தால் அதையே எச்சரிக்கையாக எடுத்துக்கொண்டு விற்பவரிடம் எண்ணைக் கேட்க வேண்டும். விண்டோஸ் ஓடும் கணினி என்றால் டிவைஸ் மேனேஜரில் அந்தச் சாதனத்தின் விவரங்களுக்குள் ஹார்டுவேர் ஐடி என்ற இடத்தில் எண் இருக்கும். அதன் படம் ஒன்றை எடுத்து அனுப்பச் சொன்னால் போதும்.

## எந்த வயதுக் கணினி?

இந்த விஷயத்தில் சிக்கனமும் பொருத்தமும் ஒரே பக்கம் நிற்கின்றன. சந்தைக்கு வந்து ஆறு மாதமே ஆன மடிக்கணினிக்கு விலையும் அதிகம், டிரைவரும் பச்சைக்காய். மூன்று நான்கு ஆண்டுகள் கழிந்தால் விலை பாதியில் நிற்கும், டிரைவர் பழுத்திருக்கும். ஆதரவு தேய்வது அதற்குப் பல ஆண்டுகள் கழித்துத்தான்.

மேல் எல்லையை நிர்ணயிப்பது நீங்கள் போடப்போகும் இயங்குதளத்தின் கர்னல் பதிப்பு. டெபியன் 12-இல் இருப்பது 6.1, டெபியன் 13-இல் 6.12. ஃப்ரீபிஎஸ்டியில் கிராபிக்ஸ் டிரைவர்கள் லினக்ஸிலிருந்து எடுத்துத் தனிப் பொதியாகத் தரப்படுகின்றன. 14 வரிசையில் அப்படிக் கிடைப்பது, 2022 டிசம்பரில் வெளியான லினக்ஸ் 6.1-இன் கிராபிக்ஸ் குறியீடு. அதற்குப் பின் சந்தைக்கு வந்த கிராபிக்ஸ் சிப்பை அதனிடம் கொடுத்துவிட்டுத் திரை தெளிவாக வரவில்லையே என்று வருந்திப் பயனில்லை.

கீழ் எல்லை ப்ராசஸரின் கட்டளைத் தொகுப்பில் இருக்கிறது. பலர் இதை மறந்துவிடுகிறார்கள். 2022-இல் வந்த ரெட்ஹாட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 9, எக்ஸ்86-64-வி2 என்ற மட்டத்தைக் கேட்கிறது; 2025 மே மாதம் வந்த 10-ஆம் பதிப்பு வி3 மட்டத்தைக் கேட்கிறது. வி3-க்கு ஏவிஎக்ஸ்2 என்ற கட்டளைகள் ப்ராசஸரில் வேண்டும். இன்டெலின் கோர் வரிசையில் 2013-இல் வந்த 4-ஆம் தலைமுறையிலிருந்து அது உண்டு. ஆனால் அதே காலத்துப் பென்டியம், செலரான் சிப்புகளில் இல்லை. 8-ஆம் தலைமுறை காலத்துப் பென்டியம் கோல்டு ஜி5400-இல்கூட இல்லை. டெபியன் பழைய 64-பிட் மட்டத்திலேயே நிற்பதால் அங்கே இந்தப் பிரச்சினை எழாது. 32-பிட் ப்ராசஸர் வைத்திருப்பவர்களுக்கு வாசல்கள் மூடிக்கொண்டே வருகின்றன: டெபியன் 13-இல் அதற்கான நிறுவி இல்லை, ஃப்ரீபிஎஸ்டி 15-இல் 32-பிட் எக்ஸ்86 கர்னல் இல்லை. நெட்பிஎஸ்டியும் ஓபன்பிஎஸ்டியும் இன்னும் அந்த வாசலைத் திறந்தே வைத்திருக்கின்றன.

விண்டோஸ் 11 வரம்பால் இன்டெல் 7-ஆம் தலைமுறையும் அதற்கு முந்தியதும் அடிமாட்டு விலைக்கு வருகின்றன, 8-ஆம் தலைமுறைக்குச் சற்று அதிகம். மேசைக் கணினியாக, இணையமும் எழுத்து வேலையும் மட்டும் என்றால் 6, 7-ஆம் தலைமுறை தாராளம். இரண்டுக்கும் நடுவே 7-ஆம் தலைமுறைக்கு ஒரு மதிப்பெண் கூடுதல்: விபி9, 10-பிட் எச்இவிசி காணொளிகளைச் சிப்பே முழுமையாக விரித்துக் காட்டும். மடிக்கணினி என்றால் கொஞ்சம் கூடக் கொடுத்தாவது 8-ஆம் தலைமுறைக்குப் போவது நல்லது. 7-ஆம் தலைமுறை ஐ5-7200யூ-வில் கோர்கள் 2. அடுத்து வந்த ஐ5-8250யூ-வில் 4. ஒரே தலைமுறையில் இரட்டிப்பு. கையில் எடுத்தவுடன் வித்தியாசம் தெரியும்.

## கிராபிக்ஸ்: தவறு நடக்கும் முதல் இடம்

இன்டெல் ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ்தான் மிகக் குறைந்த தொல்லை. 'ஐ915' என்ற டிரைவர் லினக்ஸிலும் ஃப்ரீபிஎஸ்டியிலும் உண்டு; ஓபன்பிஎஸ்டியில் அது 'இன்டெல்டிஆர்எம்' என்ற பெயரில் இருக்கிறது. லினக்ஸிலும் ஓபன்பிஎஸ்டியிலும் அது தானாக ஏறிக்கொள்ளும். ஃப்ரீபிஎஸ்டியில் 'டிஆர்எம்-கேமாட்' பொதியை நிறுவி, 'ஆர்சி.கான்ஃப்' கோப்பின் 'கேஎல்டி_லிஸ்ட்' வரியில் 'ஐ915கேஎம்எஸ்' என்று சேர்க்க வேண்டும். பயனரை 'வீடியோ' குழுவில் சேர்க்கவும் வேண்டும். பின்னதை மறந்தால் திரை வரும், ஆனால் முப்பரிமாண வேகம் வராது. எங்கே பிழை என்று மணிக்கணக்கில் தேட வைக்கும் சங்கதி அது.

ஏஎம்டியும் நல்ல தேர்வு. தனி கார்டு வேண்டும் என்றால் 2016, 2017-இல் வந்த போலாரிஸ் குடும்பம் (ஆர்எக்ஸ் 460 முதல் 580 வரை) மலிவு, டிரைவர் நன்கு முதிர்ந்தது. ஆர்எக்ஸ் 580 வாங்கும்போது '2048எஸ்பி' என்ற ஒட்டு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது உண்மையில் 570-இன் வலுவுள்ள கார்டு. ஆர்எக்ஸ் 6400 சிறிய பெட்டிகளுக்குள் நுழையும், தனி மின் இணைப்பும் கேட்காது. ஆனால் மதர்போர்டோடு பேச 4 பிசிஐஇ தடங்கள் மட்டுமே கொண்டது. பழைய பிசிஐஇ 3.0 மதர்போர்டில் அதன் வேகம் குறையும், காணொளி என்கோடரும் அதில் இல்லை.

என்விடியா வேறு கதை. கார்டு கெட்டது அல்ல, டிரைவர் ஏற்பாடுதான் சிக்கல். கர்னலோடு வரும் திறந்த டிரைவரான 'நூவோ', ஜிடிஎக்ஸ் 900, 1000 வரிசைக் கார்டுகளின் வேகத்தை ஏற்ற முடியாது. அதற்கான கையொப்பமிட்ட ஃபர்ம்வேரை நிறுவனம் தரவில்லை. எனவே கார்டு அரைத்தூக்கத்திலேயே ஓடும். நிறுவனத்தின் சொந்த டிரைவரைப் போடலாம். ஆனால் 580 என்ற டிரைவர் வரிசையோடு இந்த இரு தலைமுறைகளுக்கும் ஆதரவு முடிகிறது. அதற்கும் முந்திய ஜிடிஎக்ஸ் 600, 700 வரிசைகளில் பெரும்பாலானவை 470-இலேயே நின்றுவிட்டன. பழைய டிரைவர் புதிய கர்னலோடு ஒருநாள் பொருந்தாமல் போகும். கர்னலைப் புதுப்பித்த மறுநாள் கறுப்புத் திரை வருவது பெரும்பாலும் இதனால்தான். ஓபன்பிஎஸ்டியில் என்விடியாவுக்கு முடுக்கமே கிடையாது. மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய என்விடியா கார்டை யூனிக்ஸுக்காக வாங்குவது, ஓட்டைப் படகைச் சல்லிசாக வாங்குவது போலத்தான்.

இன்டெல் ப்ராசஸர் பெயரின் ஈற்றில் 'எஃப்' இருந்தால் உள் கிராபிக்ஸ் இல்லை. ரைசன் 7000-க்கு முந்திய மேசைக் கணினி ப்ராசஸர்களில் ஈற்றில் 'ஜி' அல்லது 'ஜிஇ' உள்ளவற்றுக்கு மட்டுமே உண்டு. இதைக் கவனிக்காமல் வாங்கினால் கார்டுக்குத் தனியாகச் செலவழிக்க வேண்டிவரும்.

## வைஃபை: தவறு நடக்கும் இரண்டாம் இடம்

இன்டெல் கார்டுகளை முதலில் தேடுங்கள். ஏஎக்ஸ்200-க்கு லினக்ஸ் 5.1 முதல், ஏஎக்ஸ்210-க்கு 5.10 முதல் டிரைவர் உண்டு; ஓபன்பிஎஸ்டியில் 'ஐடபிள்யூஎக்ஸ்' அவற்றை நடத்துகிறது. ஃப்ரீபிஎஸ்டியில் இன்டெல் வைஃபை நீண்ட காலம் பழைய 802.11ஏ/ஜி வேகத்திலேயே முடங்கிக் கிடந்தது. 2025 ஜூனில் வந்த 14.3-இல்தான் 802.11ஏசி வரை எட்டியது. பழைய பதிப்பைப் போட்டுவிட்டு வேகமில்லை என்று கார்டைக் குறை சொல்லக் கூடாது.

மீடியாடெக் எம்டி7921-க்கு லினக்ஸ் 5.12 முதல் ஆதரவு உண்டு. ரியல்டெக் சிப்புகள் கலவை: சமீபத்திய கர்னலில் பல நன்றாக ஓடுகின்றன, பழைய கர்னலில் இல்லை. பிராட்காம் சிப்புகளில் பல, நிறுவனத்தின் மூடிய டிரைவரைக் கேட்பவை. பிஎஸ்டியில் அவற்றுக்கு வழி மிகக் குறைவு.

கார்டை மாற்றிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தால் நான்கு இடங்களில் இடறலாம்:

1. ஏஎக்ஸ்201, ஏஎக்ஸ்211 ஆகியவை தனித்து இயங்கும் கார்டுகள் அல்ல. வைஃபையின் பாதி வேலை இன்டெல் சிப்செட்டுக்குள் நடக்கிறது. ஏஎம்டி மதர்போர்டிலோ பழைய இன்டெல் மதர்போர்டிலோ செருகினால் அசையாது. தனியாக வாங்கும்போது 200 அல்லது 210 என்று கேட்டு வாங்குங்கள்.
2. எம்.2 கார்டின் ப்ளூடூத் பகுதி யூஎஸ்பி வழியாகப் பேசுகிறது. மேசைக் கணினிக்கான பிசிஐஇ அட்டையில் செருகினால், அதிலிருந்து வரும் மெல்லிய கம்பியை மதர்போர்டின் யூஎஸ்பி முனையில் மாட்ட வேண்டும். மாட்டாவிட்டால் வைஃபை வரும், ப்ளூடூத் வராது. ஓபன்பிஎஸ்டியில் மாட்டினாலும் வராது; 2014-லேயே ப்ளூடூத் பகுதியை அவர்கள் நீக்கிவிட்டார்கள்.
3. பழைய மினி பிசிஐஇ கார்டின் ஆன்டெனா முனையும் எம்.2 கார்டின் முனையும் ஒரே அளவல்ல. அழுத்திப் பொருத்த முயன்றால் முனை பெயர்ந்துவிடும்.
4. சில பழைய மடிக்கணினிகளின் பயாஸ் (கணினி கிளம்பும்போது முதலில் ஓடும் உள் நிரல்), தன் பட்டியலில் உள்ள வைஃபை கார்டுகளை மட்டுமே ஏற்கும். வேறு கார்டைப் போட்டால் இயங்கவே மறுக்கும்.

இந்தக் கணினியையே வைஃபை ரவுட்டராக்க நினைப்பவர்கள் இன்டெலைத் தவிர்க்க வேண்டும். 5 கிகாஹெர்ட்ஸில் அணுகல் முனையாகச் செயல்பட அந்தக் கார்டுகள் பொதுவாக அனுமதிப்பதில்லை.

## கேபிள் நெட்வொர்க்

இன்டெல் ஐ210, ஐ219 எங்கும் ஓடும். ரியல்டெக்கின் 1 கிகாபிட் சிப்புகளும் ஓடும். ஃப்ரீபிஎஸ்டியில் அதிகச் சுமையில் இணைப்பு விட்டுவிட்டு வந்தால் 'ரியல்டெக்-ஆர்இ-கேமாட்' பொதியைப் போட்டுப் பாருங்கள். 2.5 கிகாபிட் ரியல்டெக் ஆர்டிஎல்8125-க்கு ஃப்ரீபிஎஸ்டி 14-இன் அடிப்படை அமைப்பில் டிரைவர் இல்லை, அதே பொதிதான் வழி. இன்டெல் ஐ225-வி-யின் தொடக்கத் தயாரிப்புகளில் வன்பொருள் குறை இருந்தது. பழைய மதர்போர்டில் அதைவிட ஐ226 நல்லது.

## வட்டும் நினைவகமும்

நிறுவி தொடங்குகிறது, ஆனால் "வட்டு எதுவும் இல்லை" என்கிறது. பழைய அலுவலகக் கணினியில் இது அடிக்கடி நடக்கும், பலர் எஸ்எஸ்டி போய்விட்டது என்று நினைத்துவிடுவார்கள். காரணம், பயாஸில் சாட்டா அமைப்பு 'ரெய்டு' அல்லது இன்டெல் ஆர்எஸ்டி என்று வைக்கப்பட்டிருப்பது. அந்த நிலையில் என்விஎம்இ எஸ்எஸ்டி சாட்டா கட்டுப்படுத்திக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறது. லினக்ஸ் கர்னலின் செய்திகளிலேயே, பயாஸை ஏஎச்சிஐ-க்கு மாற்று என்ற அறிவுரை இருக்கும். மாற்றினால் வட்டு தெரியும். அதே கணினியில் விண்டோஸையும் வைத்திருக்க விரும்பினால் கவனம்: ஏற்பாடு எதுவும் செய்யாமல் மாற்றினால் விண்டோஸ் கிளம்பாது. 11-ஆம் தலைமுறை முதலான இன்டெல் மடிக்கணினிகளில் இதே வேலையை 'விஎம்டி' என்ற அமைப்பு செய்கிறது, அதை அணைத்துவிடலாம்.

இசட்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமையைப் பயன்படுத்தப் போகிறவர்கள் சுழலும் வட்டு வாங்கும்போது அது சிஎம்ஆரா எஸ்எம்ஆரா என்று தரவுத்தாளில் பார்க்க வேண்டும். சிஎம்ஆர் வட்டில் தடங்கள் தனித்தனியாக இருக்கும்; எஸ்எம்ஆர் வட்டில் ஓடுகள் போல ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். ஓரிடத்தில் எழுத அடுத்ததையும் திருப்பி எழுத வேண்டும். பழுதான வட்டுக்குப் பதில் புதியதைப் போட்டுத் தரவை மீட்டமைக்கும்போது அது தவழும், சில சமயம் பாதியிலேயே தொகுப்பிலிருந்து வெளியேற்றப்படும்.

ரேமில் ஒரே விதி: உள் கிராபிக்ஸ் உள்ள கணினிக்கு ஒரு 8 ஜிபியைவிட இரண்டு 4 ஜிபி மேல். கிராபிக்ஸும் அதே நினைவகத்தைப் பயன்படுத்துவதால் இரண்டு தடங்களும் வேண்டும். சர்வரிலிருந்து கழற்றிய ரிஜிஸ்டர்டு ஈசிசி ரேம் மிக மலிவாகக் கிடைக்கும்; சாதாரண மேசைக் கணினியில் அது ஓடாது.

## அலுவலகக் கணினிகளின் சொந்தச் சிக்கல்கள்

டெல் ஆப்டிபிளெக்ஸ், லெனோவோ திங்க்சென்டர், எச்பி எலைட்டெஸ்க் போன்றவற்றின் மிகச் சிறிய வடிவங்கள் யூனிக்ஸுக்கு மிக ஏற்றவை: இன்டெல் கிராபிக்ஸ், பெரும்பாலும் இன்டெல் கேபிள் நெட்வொர்க், குறைந்த மின்செலவு. பெரிய டவர்களில் இரண்டைச் சரிபாருங்கள். பவர் சப்ளையின் முனை பல மாடல்களில் வழக்கமான 24-பின் அல்ல. பழுதானால் கடையில் கிடைக்கும் ஏதோ ஒன்றைப் போட முடியாது. கிராபிக்ஸ் கார்டு செருகும் இடம் பிசிஐஇ விதிப்படி 75 வாட் வரை தரலாம் என்றாலும், ஒடுங்கிய பெட்டிகள் சிலவற்றில் தயாரிப்பாளர் அதைவிடக் குறைவாகவே வைத்திருப்பார்.

மடிக்கணினியில் பயாஸ் சூப்பர்வைசர் கடவுச்சொல் இருந்தால், விற்பவர் எடுத்துக் கொடுக்காத வரை வாங்காதீர்கள். அது இல்லாமல் செக்யூர் பூட்டை அணைக்க முடியாது. ஃப்ரீபிஎஸ்டியும் ஓபன்பிஎஸ்டியும் செக்யூர் பூட் அணைந்தால்தான் கிளம்பும். பெரிய லினக்ஸ் வழங்கல்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. டெல் மடிக்கணினிகளின் அடாப்டரில் அதன் அடையாளத்தைச் சொல்லும் சிறு சிப் உண்டு. போலி அடாப்டராலோ நடுமுள் வளைந்ததாலோ அந்த அடையாளம் கிடைக்காவிட்டால் பேட்டரி ஏறாது, ப்ராசஸரும் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். லினக்ஸ் மெதுவாக ஓடுகிறது என்று இயங்குதளத்தின் மேல் பழி விழுவது அப்படித்தான்.

உறக்க நிலையும் வயதைப் பொறுத்தது. பழைய மடிக்கணினிகளில் எஸ்3 என்ற ஆழ்ந்த உறக்கம் உண்டு. லினக்ஸ், ஃப்ரீபிஎஸ்டி, ஓபன்பிஎஸ்டி மூன்றும் அதை அறியும். இன்டெல் 11-ஆம் தலைமுறையிலிருந்து பல மாடல்களில் எஸ்3 நீக்கப்பட்டு, கைப்பேசி போல அரைவிழிப்பில் கிடக்கும் முறை வந்தது. லினக்ஸ் அதைக் கையாள்கிறது, சில மாடல்களில் பையில் வைத்த மடிக்கணினி சூடாகிப் பேட்டரி தீர்ந்துபோவதும் நடக்கிறது.

அடிமட்ட விலையில் வரும் சிலவற்றை விட்டுவிடுவதே மேல். 32 ஜிபி இஎம்எம்சி சேமிப்பகம் பலகையிலேயே பற்றவைக்கப்பட்டவை. ஆட்டம் இசட்3735 போன்று 64-பிட் ப்ராசஸருக்கு 32-பிட் யூஇஎஃப்ஐ (பயாஸின் புதிய வடிவம்) வைத்த டேப்லெட்கள் (சாதாரண 64-பிட் நிறுவி அதில் கிளம்பாது). ஒலி வேலை செய்யுமா என்று யாரும் உறுதி சொல்லாத குரோம்புக்குகள். ப்ளூடூத் யூஎஸ்பி கருவிகளில் சிஎஸ்ஆர்8510 என்ற பெயரில் வருபவை பல போலி. எண் 0ஏ12:0001 என்று காட்டிக்கொள்ளும், உள்ளே வேறு சிப்.

## பணம் கொடுக்கும் முன் செய்யும் சோதனை

8 ஜிபி பென்டிரைவ் ஒன்றும் அரைமணி நேரமும் போதும். லினக்ஸுக்கு எந்த லைவ் படிமமும் (நிறுவாமலே பென்டிரைவிலிருந்து ஓடுவது) ஆகும். ஃப்ரீபிஎஸ்டி போடப்போகிறவர்கள் நோமட்பிஎஸ்டி அல்லது கோஸ்ட்பிஎஸ்டி படிமத்தை எடுத்துச் செல்லலாம். இரண்டும் வரைகலைத் திரையோடு நேரடியாகக் கிளம்பும்.

1. பயாஸுக்குள் நுழைந்து கடவுச்சொல் கேட்கிறதா, தேதி சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். தேதி பல ஆண்டுகள் பின்னால் போயிருந்தால் சிஆர்2032 பேட்டரி தீர்ந்திருக்கிறது, சிறு செலவுதான்.
2. லைவ் அமைப்பு கிளம்பியதும் மேலே சொன்ன கட்டளைகளால் டிரைவர் கிடைக்காத சாதனங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். கர்னல் செய்திகளில் ஃபர்ம்வேர் ஏற்ற முடியவில்லை என்ற வரிகளையும் தேடுங்கள்.
3. 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் இணைத்துக் காணொளி ஒன்றை ஓடவிடுங்கள். கூடவே ஒலி, மைக், கேமரா, ஹெட்ஃபோன் துளை, வெளித்திரை, ஒளி கூட்டும் விசைகள் எல்லாவற்றையும் சோதித்துவிடுங்கள்.
4. மூடித் திறந்து உறக்கத்திலிருந்து எழுகிறதா என்று இரண்டு முறை பாருங்கள். முதல் முறை எழுந்து இரண்டாம் முறை எழாத கணினிகள் உண்டு.
5. 'ஸ்மார்ட்சிடிஎல் -ஏ' கொண்டு வட்டைப் பாருங்கள். சுழலும் வட்டில் 5, 197 ஆகிய எண்களுள்ள வரிகளின் இறுதி மதிப்பு சுழியமாக இருக்க வேண்டும். என்விஎம்இ-யில் தேய்மான விழுக்காட்டையும் ஊடகப் பிழை எண்ணிக்கையையும் பாருங்கள்.
6. பேட்டரியின் இப்போதைய முழுக் கொள்ளளவை வடிவமைப்புக் கொள்ளளவோடு ஒப்பிடுங்கள். லினக்ஸில் 'அபவர்', ஃப்ரீபிஎஸ்டியில் 'ஏசிபிஐகான்ஃப் -ஐ 0'. பாதியளவே இருந்தால் புதுப் பேட்டரியின் விலையையும் கணினி விலையோடு கூட்டித்தான் பேரம் பேச வேண்டும்.
7. மெம்டெஸ்ட்86+ ஒரு சுற்று முழுதாக ஓட அரைமணிக்கு மேல் ஆகலாம். திருப்பிக் கொடுக்கும் வசதி இருந்தால் இதை வீட்டில் செய்யலாம், இல்லையென்றால் அங்கேயே.

விரல்ரேகை வாசிப்பான் வேலை செய்யாவிட்டால் பொருட்படுத்த வேண்டாம். 12-ஆம் தலைமுறை முதலான சில உயர்விலை மடிக்கணினிகளில் கேமரா, இன்டெலின் ஐபியூ6 என்ற படச் செயலி வழியாக இணைந்திருக்கும். அது தெரியவில்லை என்றால் சாதாரண யூஎஸ்பி கேமரா அந்த இடத்தை நிரப்பிவிடும். கிராபிக்ஸும் உறக்கமும் மட்டும் அப்படி வெளியிலிருந்து ஒட்டவைக்க முடியாதவை; மடிக்கணினியில் அவை இரண்டில் ஒன்று தவறினால் வேறு கணினி பார்ப்பதுதான் சரி.

வைஃபை மட்டும் தவறுகிறது, மற்றதெல்லாம் சரி, விலையும் படிகிறது என்றால் வாங்கிவிடலாம். ஏஎக்ஸ்200 கார்டு வந்து சேரும் வரை ஆண்ட்ராய்டு கைப்பேசியை யூஎஸ்பி கம்பியில் இணைத்து 'யூஎஸ்பி டெதரிங்' வசதியை இயக்குங்கள். லினக்ஸ் அதை உடனே நெட்வொர்க் சாதனமாக எடுத்துக்கொள்ளும். பல கைப்பேசிகளுக்கு ஓபன்பிஎஸ்டியில் 'யூஆர்என்டிஐஎஸ்' டிரைவர் தானாக வரும். ஃப்ரீபிஎஸ்டியில் 'கேஎல்டிலோடு' கட்டளையால் 'இஃப்_யூஆர்என்டிஐஎஸ்' என்ற கூறை ஏற்றிவிட்டு, வந்த இடைமுகத்தில் 'டிஎச்கிளையன்ட்' ஓட்ட வேண்டும். ஃபர்ம்வேர் இறக்குவதற்கும் இதே கம்பி போதும்.